காசிமேட்டு மீனை வச்சு உடல் வடிவப் பாடம்: எந்த மீன் வாங்கணும், எதை அளக்கணும்?

திருவொற்றியூர்_டீச்சர்

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் செய்முறைக்கு யோசனை வேண்டும். 24 பிள்ளைகள், நாலு பேர் வீதம் ஆறு குழு, கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்.

சுவரில் தொங்கும் படத்தில் நாலு உருவம் இருக்கிறது: கதிர் (நடு பருத்து இரு முனையும் கூம்பியது), தட்டை, நாடா, அம்பு. பக்கத்திலேயே "கதிர் வடிவ மீன் வேகமாக நீந்தி இரை பிடிக்கும், தட்டை மீன் தரையில் வாழும்" என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது படத்தை வைத்து ஏன் நடத்த வேண்டும் என்பதால் நிஜ மீனை மேசையில் வைக்க நினைக்கிறேன்.

மூன்று இடத்தில் தெளிவு தேவை. மத்தியும் கதிர் வடிவம்தான், ஆனால் அது எந்த மீனையும் துரத்தித் தின்பதில்லை. இதை எப்படி விளக்குவது? அடுத்து, வவ்வால், நாக்கு மீன், திருக்கை மூன்றையும் "தட்டை" என்று ஒரே கட்டத்தில் போடுவது சரியா? கடைசியாக, பிள்ளைகள் தாங்களே அளந்து எண்ணாக எழுத என்னென்ன அளக்கலாம், எங்கே தப்பு வரும்?

பள்ளியில் இருப்பவை: ஸ்கேல், நூல், கிராஃப் தாள், கத்தரிக்கோல், எனாமல் தட்டு. வெர்னியர் கிடையாது. செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

வங்கக்கரை

டீச்சர், மத்தி இடிப்பதற்குக் காரணம் மத்தி இல்லை, அந்தப் படம். மீன் எப்படி நகர்கிறது என்பதை உடல் வடிவம் சொல்லும். எதைத் தின்கிறது என்பதை வாய், செவுள், குடல் மூன்றும்தான் சொல்லும். படம் போட்டவர் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டார்.

இதைக் காட்ட மத்தியை விட நல்ல ஜோடி கானாங்கத்தையும் வஞ்சரமும். இரண்டும் ஒரே குடும்பம். ஒரே கதிர் உடல், முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வரிசையாகக் குட்டித் துடுப்புகள், மெலிந்த வால் காம்பு, கவையாகப் பிரிந்த வால். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. இப்போது வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கானாங்கத்தையின் வாய்க்குள் இறகு போல நீண்ட சீப்பு தெரியும். செவுள் வளைவின் உள்பக்கத்து முட்கள் அவை. முதல் வளைவின் கீழ்ப்பாதியில் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். மிதவை உயிர்களை வடிகட்ட அது சல்லடை. வஞ்சரத்தில் அதே வளைவில் மேலும் கீழும் சேர்த்தே பத்து தேறாது, அதுவும் கட்டையாக நிற்கும். பதிலுக்குத் தாடையில் முக்கோணக் கத்தி போன்ற தட்டைப் பற்கள். உடம்பு ஒன்று, தீனி வேறு.

அடுத்து இதைத் தலைகீழாகக் காட்டுங்கள். வஞ்சரம், சீலா, வாளை மூன்றும் மீன் தின்னி, ஆனால் உடம்பு மூன்று விதம். வஞ்சரம் ஓயாமல் நீந்தி இரைக் கூட்டத்தை விரட்டும். அதற்குக் காற்றுப்பையே இல்லை, நின்றால் மூழ்கும். சீலாவில் இரண்டாவது முதுகுத் துடுப்பும் அதற்கு நேர் கீழே உள்ள துடுப்பும் பின்னால் தள்ளி இருக்கும். அம்பின் இறகு மாதிரி உந்தும் பரப்பு பின்பக்கம் சேர்ந்திருப்பதால் அசையாமல் நின்று திடீரென்று பாய வசதி. நெடுந்தூரம் துரத்தும் வேலை அதற்கில்லை. வாளைக்கு வால் துடுப்பே கிடையாது, உடம்பு நூலாக முடிந்துவிடும். தலையிலிருந்து கடைசி வரை ஓடும் முதுகுத் துடுப்பை அலையாக அசைத்து, தலை மேலே பார்க்க நீருக்குள் செங்குத்தாக நின்றுகொண்டே இருக்க அதனால் முடியும். தலைக்கு மேலே வரும் இரையைக் கோரைப்பல்லால் பிடிக்கும்.

"கதிர் வடிவம் ஏன் வேகம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். உடம்பின் முன்பாதியில் தொடங்கி மெல்லப் பருத்து, பிறகு நீளமாக மெலிந்தால் ஒட்டி ஓடும் நீர் கடைசி வரை பிரியாது. பின்னால் சுழல் உண்டானால் அது மீனைப் பிடித்து இழுக்கும். அதே கன அளவுள்ள உடம்புக்கு நீளம் தடிமனைப் போல 4.5 மடங்கு இருக்கும்போது இழுவை மிகக் குறைவு. 3 முதல் 7 வரை பெரிய வித்தியாசம் வராது. வால் காம்பு மெலிந்திருப்பதற்குக் காரணம் வேறு. காம்பு அகலமாக இருந்தால் வாலை ஆட்டும் ஒவ்வொரு முறையும் தலையும் எதிர்ப்பக்கம் ஆடும், உழைப்பில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடும். சூரையைப் பார்த்தால் இது உச்சத்தில் இருக்கும்: குச்சிக் காம்பு, பிறை வால், பக்கத் துடுப்பை மடக்கி வைக்க உடம்பிலேயே பள்ளம். வெட்டினால் நடுவில் கருஞ்சிவப்புச் சதை. களைக்காமல் நாள் முழுக்க நீந்த உதவுவது அந்தச் சதைதான்.

தட்டை விஷயம். மூன்றையும் ஒரே கட்டத்தில் போடக் கூடாது. இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஆனால் பலர் நினைக்கிற மாதிரி இல்லை. வவ்வாலும் நாக்கு மீனும் ஒரு பக்கம், திருக்கை மறுபக்கம். வவ்வால் இரு பக்கமும் அமுக்கப்பட்ட உடம்பு, நிமிர்ந்து நீந்துகிறது. நாக்கு மீனும் இரு பக்கமும் அமுக்கப்பட்டதுதான், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது, அவ்வளவே. குஞ்சாக இருக்கும்போது அது மற்ற மீன் போல நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். காசிமேட்டில் கிடைக்கும் நாக்கு மீனில் இரண்டு கண்ணும் இடது பக்கம் இருக்கும். திருக்கைதான் உண்மையில் மேலிருந்து கீழாக அமுக்கப்பட்டது. கண் முதுகில், வாய் வயிற்றில். மணலில் புதைந்தாலும் மூச்சு முட்டாமல் இருக்க, கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக நீரை இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று: "தட்டை என்றால் மந்தம்" என்று பிள்ளைகள் நினைத்தால் அதையும் திருத்திவிடுங்கள். பாறை (ட்ரெவல்லி) மீனும் பக்கவாட்டில் அமுங்கியதுதான், அதை மந்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏலக்கூடம்

டீச்சர், வாங்குற விஷயத்தை மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல நாள். ஞாயித்துக்கிழமை வேண்டாம், கூட்டத்துல நின்னு மீனைப் பொறுக்கவே முடியாது. வாரநாள்ல விடியக்காலையில ஏலம் முடிஞ்சு சில்லறைக்கு வர்ற நேரத்துல வாங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போவாது. அப்போ பைபர் படகு மீன்தான், வகை கம்மி. ஸ்கூல் திறந்த உடனே வகுப்பு வெச்சா இதுல மாட்டிக்குவீங்க.

முழு வஞ்சரம் வாங்காதீங்க, காசு வேஸ்ட். மீன் வெட்டுறவங்ககிட்ட தலையும் வால்துண்டும் மட்டும் கேளுங்க. துண்டு விலையில பாதி கூட வராது. தலையில செவுளை எடுக்காம குடுங்கன்னு முன்னாடியே சொல்லணும், இல்லாட்டி கை பழக்கத்துல பிடுங்கிப் போட்டுடுவாங்க. உங்களுக்கு வேண்டியதே அந்தச் செவுள்தான். மத்த மீனும் அப்படியே: "செதில் உரிக்காம, வயிறு கீறாம, ரெக்கை வெட்டாம முழுசா" அப்படின்னு வாய்விட்டுச் சொல்லுங்க.

ஆறு குழுவுக்கு ஆறு வகை: கானாங்கத்தை, சின்ன சீலா, வாளை, காரப்பொடி, நாக்கு மீன், மடவை. கானாங்கத்தை கிலோவுக்கு ஆறேழு நிக்கிற சைஸ் போதும். காரப்பொடி கூறு கட்டி விப்பாங்க, ஒரு கூறு வாங்கினா பத்துப் பதினஞ்சு கெடைக்கும். வெள்ளை வவ்வால் விலைக்கு அதைக் கிழிச்சுப் பார்க்க மனசு வராது. அதே உடம்பு வாகுக்குக் காரப்பொடி போதும். பொது மேசைக்குச் சின்னத் திருக்கை ஒண்ணு எடுத்துக்குங்க, வால் முள்ளை அங்கேயே வெட்டி எடுத்துத் தரச் சொல்லுங்க. செத்த திருக்கை முள்ளும் குத்தும், விஷமும் ஏறும். கெளுத்தி வாங்கினாலும் முதுகு முள்ளு ஒண்ணு, பக்கத்து முள்ளு ரெண்டு, மூணையும் ஒடிச்சிடுங்க.

தீவனத்துக்குப் போற கழிவு மீன் குவியல்ல விதவிதமா கெடைக்கும், சல்லிசும் கூட. ஆனா அதுல கையை விட்டு அளையாதீங்க. பேத்தை இருக்கும், முள்ளு மீனு இருக்கும், சில நேரம் செத்த கடல்பாம்பும் கலந்து வரும். கடல்குதிரை கண்ணுல பட்டா எடுக்கவே கூடாது. வனவிலங்குச் சட்டத்துல இருக்குது.

ஐஸ் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கின ஐஸ், தெர்மாகோல் பெட்டியில ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன். அடியில ஓட்டை போட்டு தண்ணி வடிய விடுங்க, ஐஸ் தண்ணியில ஊறினா வயிறு சீக்கிரம் உடையும். முக்கியமா மீனை நேரா படுக்க வைங்க. வளைச்சுச் செருகிட்டா அப்படியே விறைச்சுப் போவும், அப்புறம் எந்த நீளத்தை அளப்பீங்க? வாளையைப் பெட்டிக்குள்ள மடிக்காதீங்க, நீளமான பலகையில வெச்சு ஈரத்துணி சுத்தி ஐஸ் போடுங்க.

திருவொற்றியூர்_டீச்சர்

வஞ்சரம் தலை யோசனை ரொம்பப் பிரமாதம், நன்றி அண்ணே. ஃபார்மலினில் போட்டு வைத்தால் அடுத்த வகுப்புக்கும் ஆகுமா? எண்ணாக எழுதும் பகுதியையும் யாராவது சொல்லுங்கள். வங்கக்கரை சார் சொன்ன 4.5 கணக்கைப் பிள்ளைகளே போட முடியுமா?

வாலும்_செவுளும்

ஃபார்மலின் வேண்டாம். மூச்சில் போனாலே கேடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஊறிய மீனில் குடலும் துடுப்பும் விறைத்துப்போய் நீங்கள் அளக்க நினைக்கும் எதுவும் சரியாக வராது. அன்று வாங்கி அன்றே முடித்துவிடுங்கள்.

நாலு அளவு போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு அதுவே அதிகம்.

நீளம்: மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை, துடுப்பைச் சேர்க்காமல். அந்த இடம் தெரிய வாலைப் பக்கவாட்டில் லேசாக மடக்குங்கள், மடிப்பு விழும் கோடுதான் எல்லை. மீன் மேல் நூலை ஒட்டி அளந்தால் உடம்பின் புடைப்பு சேர்ந்து நீளம் கூடிவிடும். ஸ்கேலைத் தட்டில் வைத்து அதன் மேல் மீனை வையுங்கள். வாளைக்கு மட்டும் முழு நீளம்.

உயரமும் தடிமனும்: முதுகிலிருந்து வயிறு வரை உயரம், துடுப்பு இல்லாமல். தடிமனுக்கு வெர்னியர் தேவையில்லை. இரண்டு ஜியாமெட்ரி பாக்ஸை நிமிர்த்தி வைத்து நடுவில் மீனைச் செருகி, அழுத்தாமல் இடைவெளியை அளந்தால் போதும். கானாங்கத்தை 22 செ.மீ நீளம், 5 செ.மீ உயரம் என்றால் 22 ÷ 5 = 4.4. வங்கக்கரை சொன்ன எண்ணுக்கு வந்துவிட்டது. சீலாவில் 6, 7 என்று வரும், வாளையில் 15 போல வரும். 4.5 கணக்கு உருண்டை உடம்புக்குச் சொன்னது. கானாங்கத்தை கொஞ்சம் அமுங்கிய உடம்பு என்பதால் உயரத்தையும் தடிமனையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதைக் கொண்டு நீளத்தை வகுப்பது இன்னும் சரி.

அதே இரண்டு அளவில் இன்னொரு எண் கிடைக்கும்: உயரம் ÷ தடிமன். ஒன்றையொட்டி வந்தால் உருண்டை, இரண்டைத் தாண்டினால் பக்கவாட்டில் அமுங்கியது, ஒன்றுக்குக் கீழே போனால் மேலிருந்து அமுங்கியது. நாக்கு மீன் குழு இதில் நிச்சயம் தப்பு செய்யும், செய்ய விடுங்கள். மேசையில் கிடக்கிற வாக்கிலேயே "உயரம்" எடுத்து ஒன்றுக்குக் கீழே எழுதி, திருக்கையோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது மீனை ஓரத்தில் நிமிர்த்திப் பிடித்து, ஒரு விளிம்பு முழுக்க முதுகுத் துடுப்பு, எதிர் விளிம்பு முழுக்க அடித் துடுப்பு என்று காட்டுங்கள். உயரம் எது என்பதே மாறிவிடும், எண் வவ்வால் பக்கம் தாவும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர்களே பதில் எழுதியிருப்பார்கள்.

வால்: கிராஃப் தாளைத் தெர்மாகோலில் பரப்பி, வாலை இயல்பாக விரித்து மேல் கீழ் நுனிகளில் குண்டூசி குத்தி, ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். பாதிக்கு மேல் உள்ள கட்டங்களை ஒன்றாகவும் பாதிக்குக் கீழுள்ளதைப் பூஜ்யமாகவும் எண்ணினால் பரப்பு. வால் விரிப்பின் உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, பரப்பால் வகுக்க வேண்டும். உயரம் 7 செ.மீ, பரப்பு 14 சதுர செ.மீ என்றால் 49 ÷ 14 = 3.5. எண் பெரிதானால் ஓயாமல் நீந்துகிற வால், சிறிதானால் பாய்வதற்கும் திரும்புவதற்கும் உதவுகிற அகன்ற வால். கலவா, கொடுவா போன்றவற்றின் விசிறி வால் 2க்குக் கீழே நிற்கும், சூரை எல்லாவற்றையும் தாண்டிவிடும். ஐஸில் காய்ந்து ஒட்டிய வாலை விரித்தால் கிழியும், முதலில் தண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறட்டும். வாலால் உந்தாத மீனுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. திருக்கை பக்கத் துடுப்பால் நீந்துகிறது, பேத்தை முதுகு, அடித் துடுப்புகளால் நீந்துகிறது, வாளைக்கு வால் துடுப்பே இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் திருக்கை வாலை அளக்க ஒரு குழு கிளம்பிவிடும்.

குடல்: நேரம் போதாவிட்டால் கானாங்கத்தை, சீலா, மடவை மூன்றில் மட்டும். மலத்துவாரத்திலிருந்து முன்னோக்கி, கத்தரியின் மொட்டை முனை உள்ளே இருக்கும்படி வெட்டுங்கள். கூர்முனை உள்ளே போனால் குடல் இரண்டு துண்டு. இரைப்பை முடியும் இடத்திலிருந்து மலத்துவாரம் வரை எடுத்து, தண்ணீர் உள்ள தட்டில் மிதக்கவிட்டு நெளிவைப் பிரியுங்கள். இழுக்கக் கூடாது, செத்த குடல் ரப்பர் மாதிரி நீளும். நூலை அதன் மேலேயே ஒட்டி வளைத்து, நூலை அளந்து உடல் நீளத்தால் வகுக்கவும். சீலாவில் ஒன்றுக்குக் கீழே. கானாங்கத்தையில் ஒன்றரை சுற்றி. மடவையில் மூன்றுக்கு மேல், ஏனென்றால் அது சேற்றில் படிந்த பாசியையும் மக்கையும் தின்பது, செரிக்க நேரம் எடுக்கும். மடவையின் இரைப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கோழி ஈரல் வாங்கும்போது கூட வருமே கல்குடல், அந்த மாதிரி கெட்டியாக இருக்கும். உள்ளே மணல் இருக்கும். மணல் அதன் தீனி என்று எழுதிவிடுவார்கள். தீனியோடு போன மணல் உள்ளே அரைக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

சுறா, திருக்கைக் குடலை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். நீளம் குறைவாக வரும், ஆனால் உள்ளே திருகு படிக்கட்டு மாதிரி மடிப்பு இருப்பதால் உறிஞ்சும் பரப்பு அதிகம்.

வங்கக்கரை

வாலும்_செவுளும் சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். இரைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தீனியை முடிவு செய்ய வேண்டாம். ஆழத்திலிருந்து இழுவை வலையில் வேகமாக ஏறும் மீனுக்குக் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய் வழியாக வெளியே பிதுங்கிவிடும். உள்ளே இருந்தது கடலிலேயே போயிருக்கும். கலவா வகையில் இது சாதாரணம். வலைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது பக்கத்து மீனைக் கவ்வியதும் வயிற்றில் இருக்கும். வெறும் இரைப்பை என்றால் பட்டினி என்று அர்த்தம் இல்லை.

கலவாவின் பெரிய வாயைப் பார்த்து "கடித்துத் தின்னும்" என்று எழுதுவதும் தப்பு. அது கடிப்பதை விட உறிஞ்சுகிறது. வாயையும் செவுள் மூடியையும் ஒரே நொடியில் விரித்தால் உள்ளே வெற்றிடம் மாதிரி ஆகி, நீரோடு இரையும் உள்ளே போகும். அதனால்தான் அதற்குத் துரத்தும் உடம்பு தேவைப்படவில்லை. பாறை இடுக்கில் நின்று, ஒரு எட்டு முன்னால் வந்தால் போதும்.

ஏலக்கூடம்

காரப்பொடி குழுவுக்கு ஒரு வேலை. கூறுல எல்லாம் ஒரே மீனு மாதிரி தெரியும், இருக்காது. மேல்தாடையை நகத்தால மெதுவா முன்னாடி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்க. வாய் குழாய் மாதிரி நீளும். சிலதுல குழாய் கீழ பார்க்கும், சிலதுல மேல பார்க்கும், சிலதுல நேரா வரும். நேரா வர்றதுல உள்ள கோரைப்பல்லு மாதிரி சின்னதா தட்டுப்படும். ஐஸ்ல விறைச்சதை இழுத்தா கிழிஞ்சிடும், கொஞ்சம் இளகட்டும்.

வாலும்_செவுளும்

அண்ணன் சொன்னது ரொம்பச் சரி, அந்த மூன்றும் மூன்று தனிப் பேரினம். வாய் கீழே பார்ப்பது தரையை ஒட்டிக் கிளறித் தின்பது, மேலே பார்ப்பது தனக்கு மேலே மிதப்பதை எடுப்பது, பல் உள்ளது சின்ன மீனையும் இறாலையும் பிடிப்பது. மூன்றுக்கும் உடம்பு ஒரே தகடு. டீச்சர், அந்தக் குழுவிடம் "வடிவம்" என்ற கட்டத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்லையும், "வாய்" என்ற கட்டத்தில் மூன்று அம்புக்குறியையும் போடச் சொல்லுங்கள். பழைய படத்தைக் கழற்ற வேண்டாம், அதன் பக்கத்திலேயே இந்தத் தாளை ஒட்டுங்கள்.

திருவொற்றியூர்_டீச்சர்

தாளில் கட்டங்களை மாற்றிவிட்டேன்: நீளம் ÷ உயரம், உயரம் ÷ தடிமன், வால் எண், வாய் பார்க்கும் திசை, செவுள் சீப்பு (நீளமா கட்டையா), குடல் ÷ நீளம். "வேகம்" என்ற கட்டத்தையும் "தீனி" என்ற கட்டத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். மற்ற ஆறும் நிரம்பிய பிறகுதான் அந்த இரண்டையும் தொடலாம் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை விடியலில் வருகிறேன் அண்ணே, வஞ்சரம் தலை இரண்டு, செவுளோடு.

ஏலக்கூடம்

ரெண்டு எடுத்து வெக்கச் சொல்றேன். வாளைக்குப் பலகை நீங்களே கொண்டாந்துடுங்க.